டெண்டர் படிவத்தில் இல்லாத ஒரு கேள்வி



இங்கே சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்துப் பக்கம் காலையில் மலை தெரிவதில்லை, மேகம்தான் தெரிகிறது. இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பேனே, அதைப் போலத்தான். பொறுமையாகப் படியுங்கள். உங்களில் பலர் இன்று இன்ஜினியர்கள், ஊராட்சி உறுப்பினர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள், சொந்த வீடு கட்டுகிறவர்கள். அதனால் இது உங்களுக்குப் பயன்படும்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். அவன் ஊரில் சமுதாய நலக்கூடம் கட்டப் போகிறார்கள். கமிட்டியில் அவனும் ஒருவன். கையில் மூன்று கவர்.

"சார், மூணு கொட்டேஷன் வந்திருக்கு. நீங்க ஒரு பார்வை பாத்துச் சொல்லிட்டா கமிட்டியில யாரும் வாய் தெறக்க மாட்டாவ."

வாங்கிப் பார்த்தேன். சிமென்ட் என்ன கம்பெனி, கம்பி எத்தனை எம்.எம்., சதுர அடிக்கு என்ன ரேட், எத்தனை மாதத்தில் முடிப்பார்கள், முன்பணம் எவ்வளவு என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார்கள். நான் ஒன்று மட்டும் கேட்டேன்: "இந்த மூணு பேர் வேலையில இதுக்கு முன்னால யாருக்காவது அடிபட்டிருக்கா? யாராவது விழுந்திருக்காங்களா?"

அவன் சிரித்துவிட்டான். "அதெல்லாம் யாரு சார் கேக்கா?"

அந்தச் சிரிப்பில் தப்பு எதுவும் இல்லை. ஒரு காலத்தில் நானும் கேட்காதவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2000களின் தொடக்கம். மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் நான் பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்தேன். இரண்டு வகுப்பறைகளின் கூரைப் பழுதும் சுற்றுச்சுவரும் சரிசெய்ய வேண்டியிருந்தது. விதிப்படி மூன்று விலைப்புள்ளி வாங்கினேன். ஒப்பீட்டுப் பட்டியல் போட்டேன். குறைந்த விலைக்கும் அதற்கு அடுத்த விலைக்கும் 11,000 ரூபாய் வித்தியாசம். குறைந்த விலை கொடுத்த மேஸ்திரிக்கே வேலையைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். தணிக்கையில் ஒருவரும் ஒரு குறை சொல்ல முடியாத கோப்பு அது.

நாலாம் நாள் சாரம் சரிந்தது. சவுக்குக் கம்புகளைக் கட்டியிருந்த கயிறு இற்றுப்போன பழைய கயிறு. சாந்துச் சட்டியோடு மேலே நின்ற ஒரு சித்தாள் பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து ஜல்லிக் குவியலில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளின் தாய். ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து பணம் போட்டோம். மிச்சம் பிடித்த 11,000 ரூபாயைவிட அதிகமாகவே ஆஸ்பத்திரிக்குப் போனது. மேஸ்திரி இரண்டு நாள் தலைமறைவாக இருந்துவிட்டு வேறு ஆட்களோடு வந்து வேலையை முடித்தார். நானும் பில்லைப் பாஸ் செய்தேன்.

ஒரு மாதம் கழித்து டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார்: "போன வருசம் பக்கத்து ஊர் மண்டபத்துலயும் அவரு சாரம்தான சரிஞ்சிச்சு. ஒரு நிமிந்தாளுக்குக் கை போச்சே, சாருக்குத் தெரியாதா?"

எட்டு கிலோமீட்டர் தள்ளி நடந்தது. ஊர் முழுக்கத் தெரியும். என் படிவத்துக்கு மட்டும் தெரியாது. அதில் அப்படி ஒரு கட்டமே கிடையாது.

நான் வரலாற்று வாத்தியார். ஒரு கேள்வி ஏன் கேட்கப்படவில்லை என்றால், அது எப்போதிலிருந்து கேட்கப்படாமல் போனது என்று தேடுவது என் பழக்கம். தேடியதைச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பில் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்தது நினைவிருக்கிறதா? முதலாம் பராந்தகச் சோழன் காலம், கி.பி. 919, 921. குடவோலை முறை. தேர்வில் எல்லோரும் எழுதுவீர்கள்: வயது 35க்கு மேல் 70க்குள், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு. ஐந்து மார்க் வாங்கிவிடுவீர்கள். ஆனால் அந்தக் கல்வெட்டின் உயிர் தகுதிப் பட்டியலில் இல்லை, தகுதிக்குறைவுப் பட்டியலில் இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் போடக் கூடாது. அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். குளத்தையும் மடையையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, அதாவது இன்றைய பொதுப்பணி.

ஒருவனிடம் பொதுவேலையைக் கொடுக்கும் முன் "நீ எவ்வளவுக்குச் செய்வாய்?" என்று கேட்பதற்கு முன்னாலேயே "போன தடவை என்ன செய்தாய்?" என்று கேட்க வேண்டும் என்பது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரில் கல்லில் வெட்டிய விதி. அன்று அவர்கள் கேட்டது பணக் கணக்கு. ஆள் கணக்கையும் அதோடு சேர்ப்பதுதான் நம் காலத்து வேலை.

பிறகு வெள்ளைக்காரன் காலம். பொதுப்பணித் துறை வந்தது, ஒப்பந்தப்புள்ளியும் முத்திரையிட்ட கவரும் முன்வைப்புத் தொகையும் வந்தன. 1904ல் செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலையைக் குடைந்து ரயில் ஓடியது. பகவதிபுரத்துக் குகையையும், அதைத் தாண்டிப் பதின்மூன்று கண் பாலத்தையும் பார்த்திருப்பீர்கள். அந்தக் குகையை வெட்டியவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. ஒப்பந்ததாரர் வேலையை விட்டு ஓடினால் அரசுக்கு நஷ்டம் வராமலிருக்க முன்வைப்புத் தொகை உண்டு. ஆள் விழுந்தால் அவன் குடும்பத்துக்கு என்ன என்பதற்குச் சட்டம் வரவே 1923 ஆயிற்று. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1924 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் 12வது பிரிவில் இருந்ததை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் தன் தொழில் சார்ந்த வேலையை ஒப்பந்ததாரரிடம் கொடுக்கிறார். அந்த ஒப்பந்ததாரரின் ஆளுக்கு அடிபட்டால், வேலையைக் கொடுத்தவரே இழப்பீடு தர வேண்டும். பிறகு அதை ஒப்பந்ததாரரிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். "அது காண்ட்ராக்டர் ஆளு, எனக்குச் சம்பந்தமில்லை" என்ற பேச்சை நூறு ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் மறுத்துவிட்டது. நாம்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சுதந்திரத்துக்குப் பிறகு, கட்டடத் தொழிலாளர்கள் விஷயத்தில் தமிழ்நாடு பல மாநிலங்களுக்கு முன்னால் நடந்தது. 1982ல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம், 1994ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். கொத்தனாரும் சித்தாளும் சங்கம் வைத்துப் போராடிப் பெற்றது அது. 1996ல் மத்திய அரசும் கட்டடத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் நலவரி, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு அதிகாரி, விபத்து நடந்தால் அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் எல்லாம் அதில் இருந்தன.

இரண்டு ஆண்டு கழித்து, 1998ல், தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு கர்நாடகம் இதே போன்ற சட்டத்தை இயற்றியது. நம் சட்டத்துக்கான விதிகள் 2000ல் வந்தன. அதற்கு முன்னால் டெண்டர் எப்படி நடந்தது என்று மூத்தவர்களைக் கேளுங்கள். பெட்டியில் கவர் போடவே விடமாட்டார்கள். நோட்டீஸ் யார் கண்ணிலும் படாது. அந்த இருட்டை விரட்ட வந்த நல்ல சட்டம் இது.

ஆனால் இரண்டு சட்டங்களும் இரண்டு வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன. தொழிலாளர் சட்டம் தொழிலாளர் துறையிடம், டெண்டர் சட்டம் பொறியியல் துறைகளிடம். விபத்து நடந்தால் ஒரு கோப்பு இங்கே திறக்கும். அதே ஒப்பந்ததாரருக்கு அடுத்த வேலை கொடுக்கும் கோப்பு அங்கே நகரும். இரண்டு கோப்பும் ஒரே மேசைக்கு வருவதில்லை.

டெண்டர் சட்டம் "குறைந்த விலைக்காரனுக்கே கொடு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 10வது பிரிவைப் படித்துப் பாருங்கள். டெண்டர் ஆவணத்தில் முன்கூட்டியே சொல்லப்பட்ட, புறவயமான, எண்ணிக் கணக்கிடக்கூடிய அம்சங்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு மதிப்பு என்று நிர்ணயித்து, அதன்படி குறைந்ததாக வருவதை ஏற்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். முன்தகுதிக்கு ஒப்பந்ததாரரின் முந்தைய அனுபவத்தையும் செயல்பாட்டையும் பார்க்க விதிகளிலேயே இடம் இருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளில் உன் வேலையிடத்தில் எத்தனை பேருக்கு அடிபட்டது என்பது எண்ணக்கூடியதுதானே? முந்தைய செயல்பாடுதானே? ஆக, கதவு திறந்தேதான் இருந்தது. யாரும் உள்ளே போகவில்லை.

போகாததால் என்ன ஆகும்? மூன்று ஊர்க் கதை சொல்கிறேன்.

2007 செப்டம்பரில் ஹைதராபாத் பஞ்சாகுட்டாவில் கட்டிக்கொண்டிருந்த மேம்பாலம் இடிந்து விழுந்து உயிர் போனது. கட்டியது கேமன் இந்தியா. நாடு முழுக்கப் பெரிய பெரிய பாலங்கள் கட்டிப் பேர் வாங்கிய பழைய நிறுவனம். 2009 ஜூலை 12 அதிகாலை, டெல்லி ஜம்ருத்பூரில் மெட்ரோ பாலத்தின் தூண் முகப்பு உடைந்து ராட்சத கர்டர் கீழே விழுந்தது. 6 பேர் இறந்தார்கள். அங்கேயும் ஒப்பந்தம் கேமன் இந்தியாதான். அப்போது டெல்லி மெட்ரோவின் நிர்வாக இயக்குநர் ஈ. ஸ்ரீதரன். 1964 புயலில் சிதைந்த நம் பாம்பன் பாலத்தை 46 நாளில் நிமிர்த்தியவர். அன்றைக்கே தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். முதல்வர் ஷீலா தீட்சித் ஏற்கவில்லை. விசாரணையில் தூணின் வடிவமைப்பிலேயே குறை இருந்தது தெரிந்தது. பிறகு அந்த நிறுவனம் டெல்லி மெட்ரோ டெண்டர்களில் கலந்துகொள்ளத் தடை வந்தது.

ஹைதராபாத் விபத்து டெல்லி விபத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு இடம், வேறு வேறு காரணம். பெரிய பேர் என்பது பாதுகாப்புக்குச் சான்றிதழ் ஆகாது என்கிறேன். தடை ஆறு பேர் இறந்த பிறகு வந்தது என்பதையும் கவனியுங்கள். விபத்துக்குப் பின் தண்டிப்பது நமக்குத் தெரிகிறது. விபத்துக்கு முன் விசாரிப்பதுதான் பழக்கமில்லை.

அடுத்தது குஜராத்தின் மோர்பி. 2022 அக்டோபர் 30. மச்சு நதி மேல் இருந்த பழைய தொங்குபாலம் அறுந்து 135 பேர் போனார்கள். பழுதுபார்த்துத் திறந்து நாலே நாள். பாலத்தைப் பராமரிக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது தெரியுமா? அஜந்தா சுவர்க்கடிகாரம் செய்கிற ஒரேவா குழுமத்திடம். டெண்டரே விடவில்லை. ஏன் டெண்டர் விடவில்லை என்று குஜராத் உயர்நீதிமன்றம் கேட்டது. "டெண்டரால்தான் தரம் கெடுகிறது, தெரிந்தவரிடம் நேரே கொடுத்தால் நன்றாகச் செய்வார்" என்று நம்மில் சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு மோர்பிதான் பதில். டெண்டர் வேண்டும். அதில் சரியான கேள்வியும் வேண்டும்.

மூன்றாவது நம் மாநிலம். 2014 ஜூன் 28, சென்னை மவுலிவாக்கம். 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர். அது தனியார் கட்டடம், டெண்டர் வேலை இல்லை. ஆனால் 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் நடந்தது அனல்மின் நிலையக் கட்டுமானம், அரசுத் திட்டம். சாரம் சரிந்து வெளிமாநிலத் தொழிலாளர்கள் 9 பேர் இறந்தார்கள். செய்தியைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. "சாரம் சரிந்தது" என்ற இரண்டு வார்த்தை எனக்கு வேறு மாதிரிதான் கேட்கும்.

சரி, இதற்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் பல பேர் வேலை பார்க்கும் சிங்கப்பூரிலேயே இருக்கிறார்கள்.

என் தங்கை மகன் அங்கே கட்டுமான கம்பெனி ஒன்றில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். அவனிடம் இதைப் பற்றிப் பேசியபோது, "மாமா, இங்க 'செக்சேஃப்'னு ஒண்ணு இருக்கு. ஒரு கம்பெனி பேர அடிச்சா, அவங்க சைட்ல என்ன விபத்து நடந்துச்சு, எத்தனை கறுப்புப் புள்ளின்னு தென்காசில இருந்துகிட்டே நீங்க பாக்கலாம்" என்றான். அரசு மனிதவள அமைச்சகம் நடத்தும் தளம் அது.

அந்த ஊரும் சும்மா அப்படி ஆகிவிடவில்லை. 2004 ஏப்ரல் 20, நிகோல் நெடுஞ்சாலை ஓரம் ரயில் சுரங்கப் பள்ளம் இடிந்து 4 பேர். தன் ஆட்களை மேலே ஏற்றிவிட்ட ஃபோர்மேன் ஒருவரும் அதில் இறந்தார். அவர் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. ஒன்பது நாள் கழித்து இன்னொரு கட்டுமான இடத்தில் 2 பேர். அடுத்த மாதம் கப்பல் பட்டறைத் தீயில் 7 பேர். நாற்பது நாளுக்குள் 13 உயிர். அந்த அதிர்ச்சியில் பழைய தொழிற்சாலைச் சட்டத்தை மாற்றி 2006 மார்ச்சில் புதிய வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2004ல் ஒரு லட்சம் தொழிலாளருக்கு 4.9 ஆக இருந்த வேலையிட மரணம், 2023ல் 0.99 ஆகக் குறைந்தது.

நடுவில் 2022ல் மரணம் மறுபடி கூடியது. அந்த ஆண்டு 46 பேர். அப்போது அரசாங்கம் தன் கையில் இருந்த பெரிய ஆயுதத்தை எடுத்தது. அதுதான் டெண்டர். 2024 ஏப்ரல் 1 முதல் அரசுத் துறைக் கட்டுமான டெண்டர்களை மதிப்பிடும்போது பாதுகாப்புக்குக் குறைந்தது 5 சதவீத மதிப்பெண் தர வேண்டும். பாதுகாப்பு மீறல்களுக்காக 25 கறுப்புப் புள்ளியைத் தொட்டுவிட்ட நிறுவனம் தற்காலிகமாக அரசு டெண்டரில் கலந்துகொள்ளவே முடியாது.

நூற்றுக்கு ஐந்து மார்க்தானே என்று நினைக்காதீர்கள். ஐந்து மார்க்கில் பாஸும் ஃபெயிலும் ஆனவர்கள் நீங்கள். விலையில் மயிரிழை வித்தியாசத்தில் போட்டி போடும் கம்பெனிகளுக்கு அந்த ஐந்து ரொம்பப் பெரிது. அபராதம் கட்டிவிட்டு மறந்துவிடலாம். அடுத்த வேலையே கிடைக்காது என்றால் முதலாளியே சாரத்தின் மேல் ஏறிக் கயிற்றைப் பார்ப்பார்.

உலக வங்கியும் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. நம் திருநெல்வேலி–தென்காசி நான்குவழிச் சாலை அதன் கடனுதவியோடு வந்ததுதான், அதனால் பேர் தெரிந்திருக்கும். உகாண்டாவில் அது கடன் கொடுத்த சாலைத் திட்டம் ஒன்றில், ஒப்பந்ததாரரின் ஆட்கள் அந்த ஊர்ச் சிறுமிகளிடம் தவறாக நடந்ததும் தொழிலாளர் நிலை மோசமாக இருந்ததும் வெளியே வந்து, 2015 டிசம்பரில் நிதியையே ரத்து செய்தது. அதன்பின் 2017ல் தன் டெண்டர் ஆவணத்தில் ஒரு படிவத்தைச் சேர்த்தது. சுற்றுச்சூழல், சமூகம், ஆரோக்கியம், பாதுகாப்பு காரணங்களுக்காக இதற்கு முன் உன் ஒப்பந்தம் எங்காவது நிறுத்தப்பட்டதா என்று ஒப்பந்ததாரரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம்.

இந்தியாவிலும் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. 2021 அக்டோபரில் மத்திய நிதியமைச்சகம் கொள்முதல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. விலை மட்டுமே பார்ப்பதால் வரும் கேடுகளை ஒப்புக்கொண்டு, சில வகை வேலைகளில் விலையல்லாத அம்சங்களுக்கு 30 சதவீதம்வரை மதிப்பெண் தரலாம் என்றது. மறுபக்கம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், ஒப்பந்தத் தொழிலாளர் உரிமம் தேவைப்படும் எண்ணிக்கை 20 பேரிலிருந்து 50 பேராக உயர்ந்துவிட்டது. நம் ஊர் வேலைகளில் 50 ஆள் எங்கே இருக்கிறார்கள்? பத்து, பதினைந்து பேர்தான். அவர்கள் அந்த வலைக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்காகக் கேட்கக்கூடியவர் வேலையைக் கொடுக்கிறவர் மட்டும்தான்.

இதில் ஒரு சிக்கல் இருப்பதையும் மறைக்கக் கூடாது. "விபத்து நடந்திருந்தால் வேலை கிடையாது" என்று முரட்டுத்தனமாகச் சொன்னால் என்ன ஆகும்? அடிபட்டவனை ராத்திரியோடு ராத்திரி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ரெக்கார்டு சுத்தமாக இருக்கும், ஆள் நொண்டியாக இருப்பான். பரீட்சையில் காப்பியடிப்பவனைப் பிடிக்க முடியாவிட்டால், உண்மையாக எழுதிக் குறைந்த மார்க் வாங்கினவன்தான் தண்டனை பெறுவான். வாத்தியார்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அதனால் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். "என் வேலையில ஒரு விபத்தும் நடந்ததே இல்ல" என்று மார்தட்டும் ஒப்பந்ததாரரைவிட, "போன வருசம் ஒரு பையனுக்கு அடிபட்டது, இவ்வளவு கொடுத்தேன், அதுக்கப்புறம் இதை மாத்தினேன்" என்பவரை நான் நம்புவேன். இன்னொன்று, பாதுகாப்புக்குக் காசு ஆகும். பெல்ட், வலை, இரும்புக் குழாய்ச் சாரம் எல்லாம் செலவு. அதை விலைப்புள்ளியில் தனி இனமாகக் காட்டச் சொல்லி, எல்லோருக்கும் ஒரே தொகை வைத்துவிட்டால் அதில் யாரும் விலை குறைத்துப் போட்டி போட முடியாது. நேர்மையாகச் செலவு செய்யும் சின்ன மேஸ்திரியும் தோற்கமாட்டார்.

என் மாணவனிடம் ஐந்து கேள்வி எழுதிக்கொடுத்தேன். உங்களுக்கும் தருகிறேன். வீடு கட்டுகிறவர்களும் கேட்கலாம்.

1. கடந்த மூன்று வருடத்தில் உங்கள் வேலையில் யாருக்கு, எங்கே, எப்படி அடிபட்டது? எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.

2. அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள்? அதன்பின் வேலை முறையில் என்ன மாற்றினீர்கள்?

3. உங்கள் ஆட்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா? இந்த வேலைக்கு இன்சூரன்ஸ் எடுப்பீர்களா?

4. சாரம் எதில் கட்டுவீர்கள்? தினமும் காலையில் அதைச் சோதிப்பவர் யார், பேர் என்ன?

5. கடைசியாகச் செய்த இரண்டு வேலை எந்த ஊரில்? (இது ஒப்பந்ததாரருக்குக் கேள்வி, உங்களுக்கு வேலை. அந்த ஊருக்குப் போய் டீக்கடையில் பத்து நிமிடம் உட்காருங்கள். எந்த அரசுப் பதிவேட்டையும்விட அது நம்பகமானது. எனக்குப் பட்டுத் தெரிந்த பாடம்.)

நேற்று அவன் போன் செய்தான். மூன்று பேரில் ஒருவர், "இதெல்லாம் கேக்கதுக்கு நீங்க என்ன கவர்மெண்டா?" என்று கோபித்துக்கொண்டாராம். ஒருவர் எல்லாவற்றுக்கும் "இல்லை, இல்லை" என்று எழுதிக்கொடுத்துவிட்டாராம். மூன்றாமவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் சென்ட்ரிங் பிரிக்கும்போது ஒரு பையன் கால் முறிந்ததையும், அவன் வீட்டுக்கு ஆறு மாதம் சம்பளம் கொடுத்ததையும், இப்போது வாடகைக்கு இரும்புச் சாரம்தான் எடுப்பதையும் சொன்னாராம். அவர் விலைதான் நடுவில் இருக்கிறது, முதல் விலையைவிட அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. என்ன முடிவெடுப்பார்களோ தெரியாது. "குறைஞ்ச விலை இருக்கும்போது கூடுதலா ஏன் கொடுத்தன்னு ஊர்க்காரங்க கேப்பாங்களே சார்" என்றான். "கேட்கட்டும். கேட்கிறவர்களுக்குப் படித்துக் காட்டத்தான் அந்த ஐந்து பதிலையும் எழுத்தில் வாங்கச் சொன்னேன்" என்றேன்.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இந்தக் கோயிலில் குறை வந்தால் அதைத் திருத்துகிறவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகக் கல்வெட்டில் எழுதிவைத்தான். வகுப்பில் அதை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், மன்னனின் பணிவைப் பாருங்கள் என்று. இப்போது அந்தக் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கும்போது, திருத்துகிறவர்கள் என்றால் முதலில் சாரத்தில் ஏறுகிறவர்கள்தானே என்று தோன்றுகிறது.

அந்தச் சித்தாளை இப்போதும் எப்போதாவது பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறேன். ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறார். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். என்னைப் பார்த்தால், "சாரு, சொகமா இருக்கியளா?" என்று அவர்தான் முதலில் கேட்பார். ஒருநாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. கோப்பில் என் கையெழுத்து இருந்தது அவருக்குத் தெரியுமா என்று நானும் கேட்டதில்லை.

உங்களில் டெண்டர் கமிட்டிகளில் உட்காருகிறவர்கள், ஒப்பந்தம் எடுக்கிறவர்கள், சைட்டில் நிற்கிறவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நான் சொன்னதில் தவறு இருந்தாலும் கூச்சப்படாமல் திருத்துங்கள். திருத்துகிறவர்களுக்கு என் வணக்கம் உண்டு.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்